பதினோரு நாள், ஒன்பது போன்

கேள்வி: நான்கு வருடமாகக் கையால் கட்டிய நோட்டுப் புத்தகங்களும் டைரிகளும் செய்து விற்கிறேன். கடை கிடையாது. ஒரு சமூக ஊடகத் தளத்தில் இருக்கும் பக்கம்தான் எனக்கு எல்லாம். 31,000 பேர் பின்தொடர்கிறார்கள். போன மாதம் ஒருநாள் காலையில் திறந்தால் விதிமீறல் என்று சொல்லிக் கணக்கை முடக்கியிருந்தார்கள். எந்த விதி என்று இல்லை. பதினோராவது நாள் அதுவாகவே திரும்பி வந்தது, அப்போதும் ஒரு விளக்கமும் இல்லை. இடையில் வந்தது மொத்தம் நான்கு ஆர்டர். அதுவும் பழைய கூரியர் ரசீதுகளைத் தேடி எடுத்து ஒன்பது பேருக்கு நானே போன் செய்ததால் வந்தவை. இப்போதெல்லாம் நடுராத்திரியில் எழுந்து கணக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தத் தளத்தை விட்டுவிட்டுச் சொந்த வெப்சைட் தொடங்கிவிடலாமா? அல்லது எல்லாத் தளங்களிலும் ஒவ்வொரு கணக்கு திறந்து வைக்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட இரண்டுமே வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் பதில் இருக்கிறது. ஒன்பது பேருக்குப் போன் செய்தீர்கள், நான்கு ஆர்டர் வந்தது. எந்த விளம்பரத்துக்கும் இப்படிப் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை. உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் தளத்தை நம்பி வாங்கவில்லை, உங்களை நம்பித்தான் வாங்கினார்கள். அவர்களை மறுபடி தேடிப்போகும் வழி மட்டும் அடுத்தவர் கையில் இருந்தது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

31,000 பேர் என்கிறீர்கள். அதில் ஒருவரைக்கூட உங்களால் கையோடு கூட்டிக்கொண்டு போக முடியாது. நீங்கள் போடும் படம் அதில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதையும் தளம்தான் முடிவு செய்கிறது. ரசீதுக் கட்டில் இருக்கும் சில நூறு பெயர்கள் அப்படியில்லை, அவை உங்களுடையவை.

இது சின்ன வியாபாரத்துக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதீர்கள். ஃபார்ம்வில் விளையாட்டு நினைவிருக்கிறதா? அதை நடத்திய ஸிங்கா நிறுவனம் 2011 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்தது. அந்த வருடம் அதன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஃபேஸ்புக் வழியாக வந்தது. அதே வருடம் ஃபேஸ்புக்கின் வருமானத்தில் ஸிங்கா வழியாக வந்தது 12 சதவீதம். இருவருக்கும் ஒருவர் தயவு மற்றவருக்குத் தேவைதான். ஆனால் 90-ம் 12-ம் ஒன்றா? விளையாட்டுகள் அனுப்பிக்கொண்டிருந்த அறிவிப்புகளை ஃபேஸ்புக் 2010-ல் நிறுத்தியது. 2011 ஜூலையில், விளையாட்டுக்குள் பொருள் வாங்கப் பணம் கட்டும் தன் கிரெடிட்ஸ் முறையைக் கட்டாயமாக்கி 30 சதவீதம் பிடித்துக்கொண்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே பேரம் பேச இடம் குறைவாகத்தான் இருந்தது என்றால், நமக்கு விளக்கக் கடிதம் வராததில் ஆச்சரியம் என்ன?

சரி, எல்லாத் தளங்களிலும் கணக்கு திறப்பது ஏன் கூடாது? முதலில், நீங்கள் ஒரே ஆள். ஐந்து இடத்தில் படம் போட்டு, ஐந்து இடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நோட்டு தைப்பது யார்? இன்னொன்று, கணக்கு பலவாக இருந்தாலும் முதலாளி ஒருவராக இருக்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்தன, எழுந்திருக்கச் சுமார் ஆறு மணி நேரம் ஆனது. மூன்று இடத்தில் கடை விரித்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள், மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தார்கள்.

விட்டுவிட்டுப் போவதும் தேவையில்லை. புது முகங்களை அறிமுகம் செய்துவைப்பதில் அந்தத் தளம் இன்னும் உங்களுக்கு உழைக்கிறது, உழைக்கட்டும். ஒருமுறை வாங்கியவர் இரண்டாவது முறை வாங்க அந்த வழியாகவே வர வேண்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் வேலை, பெயர். டொமைன், அதாவது இணையத்தில் உங்கள் தளத்துக்கான முகவரிப் பெயர், ஒன்று வாங்குங்கள். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன் பழைய புத்தகங்கள் விற்கச் சின்னதாக ஒரு தளம் வைத்திருந்தேன். அமைத்துக் கொடுத்தவர் நல்ல மனிதர், டொமைனையும் அவரே வாங்கித் தந்துவிட்டார், அவர் பெயரில். வேலை மாறி, மின்னஞ்சல் மாறி, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் என் தளத்தைத் திறந்தால் யாருடைய விளம்பரமோ வருகிறது. டாட் காம் பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெறலாம். எனக்கு விஷயம் தெரிந்தபோது அதுவும் தாண்டியிருந்தது. அச்சடித்து வைத்த அட்டைகள் ஒரு பெட்டி நிறைய மிச்சம். அவற்றின் பின்பக்கத்தில் இன்றைக்கும் கணக்குப் போடுகிறேன்.

அந்த டொமைனில் பெரிய கடை வேண்டாம். இப்போதைக்கு ஒரே பக்கம் போதும்: நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், எப்படி ஆர்டர் கொடுப்பது, வருகிறவர் தன் மின்னஞ்சல் முகவரியைப் பதிய ஒரு கட்டம். கடை மென்பொருள் வாடகைக்குத் தரும் நிறுவனங்களில் பிறகு சேரலாம். அதுவும் ஒரு வாடகை வீடுதானே என்று கேட்பீர்கள், ஆமாம். ஆனால் கதவில் தொங்கும் பெயர்ப்பலகை உங்களுடையது. வீடு பிடிக்கவில்லை என்றால் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அப்புறம் வாடிக்கையாளர் பட்டியல். உங்களுக்கு வாட்ஸ்அப்தான் சுலபமாகத் தோன்றும், தொடங்குங்கள். ஆனால் ஒரு விஷயம்: ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் அதன் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே ஆர்டரை உறுதி செய்யும்போதே “இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், பார்சல் விவரம் இதில்தான் வரும்” என்று ஒரு வரி சேருங்கள்.

நீண்ட நாளைக்கு நான் நம்புவது மின்னஞ்சலை. பழைய சமாச்சாரம் என்று சிரிப்பார்கள். பழையதுதான், ஆனால் அதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அனுப்பித் தரும் நிறுவனம் சரியில்லை என்றால் பட்டியலை ஒரே கோப்பாக இறக்கி வேறிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கேயும் முழுச் சுதந்திரம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. அனுப்புகிற டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். உங்கள் அளவுக்கு இரண்டாவது விதி பொருந்தாது, ஆனாலும் அந்த வசதியைக் கொடுங்கள். இலவச ஜிமெயில் முகவரியில் இருந்து மொத்தமாக அனுப்பப் பார்க்காதீர்கள், ஸ்பேமில் போய்ச் சேரும். டொமைனை முதல் வேலையாக வைத்ததற்கு இதுவும் காரணம்.

முகவரியை எப்படி வாங்குவது? “எங்கள் செய்திமடலில் இணையுங்கள்” என்றால் யாரும் தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன். தங்களுக்கு ஏதாவது பயன் உண்டு என்றால் தருவார்கள். இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு பல பொருள் விற்பவர்களுக்கு அது கிடையாது: நோட்டு தீர்ந்துபோகும். கடைசிப் பத்துப் பக்கம் இருக்கும்போது, பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் “இன்னும் பத்துப் பக்கம்தான்” என்று அச்சிட்டு, கீழே உங்கள் டொமைனைப் போடுங்கள். எழுதிக்கொண்டே வருகிறவர் சரியாக அடுத்த நோட்டு தேவைப்படும் நேரத்தில் அதைப் பார்ப்பார். டைரி வாங்குகிறவரிடம் “அடுத்த வருட டைரி தயாரானதும் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்பவர் அநேகமாக இருக்கமாட்டார். உங்கள் பொருள் மாதக்கணக்கில் அவர்கள் மேசை மேலேயே கிடக்கிறது, அதை யாராலும் முடக்க முடியாது. இத்தனை நாளாக அதில் உங்கள் முகவரி இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு எச்சரிக்கை. பார்சல் அனுப்பத் தந்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. அந்த ஒன்பது பேருக்கும் ஒருமுறை பேசியதில் தவறில்லை. இனி ஒவ்வொருவரிடமும் கேட்டு, சரி என்றவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். நாளைக்குப் பல வியாபாரிகள் சேர்ந்து விற்கும் ஏதாவது சந்தைத் தளத்தில் விற்கத் தொடங்கினால் இன்னும் கவனம் தேவை. அங்கே வந்த வாடிக்கையாளரை வெளியே இழுப்பதைப் பல தளங்கள் விதி போட்டுத் தடுக்கின்றன. அந்தப் பார்சலில் வைக்கும் அட்டையே கணக்கு போவதற்குக் காரணமாகலாம், விதிகளைப் படித்துவிட்டு வையுங்கள்.

எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பதை அளக்க ஒரு எளிய வழி. மூன்று மாதம், ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். முடிவில் தளத்தின் பங்கைக் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் காகிதம், நூல், அட்டை, கூரியர் செலவு போக எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பீர்கள்? இன்றைக்கு விடை கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு வருடத்தில் அது எட்டு வாரமானால் எனக்குத் திருப்தி. தளத்தின் பங்கு பாதிக்குக் கீழே வர வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன், பங்கைக் குறைப்பதற்காக நல்ல விற்பனையைக் குறைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சின்ன வேலைகள் சில. கணக்குக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். பழைய போன் எண்ணோடு கணக்கு இணைந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். உங்கள் பதிவுகளின் நகலை இறக்கிக்கொள்ளும் வசதி பெரிய தளங்களில் இருக்கிறது, மாதம் ஒருமுறை இறக்குங்கள். தளத்தில் ஏற்றியதும் போனிலிருந்து படத்தை அழிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

இந்த வாரம் அந்த ரசீதுக் கட்டை எடுத்து உட்காருங்கள். பெயர், எண், என்ன வாங்கினார், எப்போது என்று ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். தள்ளிப்போட வேண்டாம். கூரியர் ரசீதுகள் நிறைய வெப்பத் தாளில் அச்சாகின்றன, வெளிச்சமும் சூடும் பட்டால் எழுத்து மங்கிக்கொண்டே வரும். மிகப் பழையதிலிருந்து தொடங்குங்கள்.