ஈயச்சொம்பை எடைக்குப் போடலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்கிறோம். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, அப்பா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் என்று மூன்று அறை நிறையச் சாமான். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு ஒரே தொகையாகத் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். மொத்த விலை பேசுகிறவர் அந்த வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று நல்ல பொருளை மனதில் வைத்துத்தான் தொகை சொல்வார். அவை எவை என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு வாரத்தில் அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் சமையலறைப் பரணைப் பாருங்கள். மங்கலான வெள்ளை நிறத்தில், விளிம்பு லேசாக நசுங்கிய சொம்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியம் மாதிரித் தெரியும், ஆனால் கை கீழே இழுக்கும். அதுதான் ஈயச்சொம்பு. எங்கள் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது, அவர் தினமும் ரசம் வைத்த ஈயச்சொம்பை எடைக்கு எடுத்தவர் அலுமினியத் தட்டுகளோடு சேர்த்துத் தராசில் வைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். சொம்புக்கு ஆகும் வெள்ளீயம் செம்பைவிடவே விலை கூடிய உலோகம் என்பது எங்கள் யாருக்கும் அன்று தெரியவில்லை. பணம் போனதைவிட, அந்தச் சொம்பு போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நல்ல ஈயச்சொம்பு என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தனியாக விலை பேசுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. காரீயம் கலந்த சொம்புகளும் புழக்கத்தில் உண்டு. காரீயம் உடம்புக்கு விஷம், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். வெள்ளைத் தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் அதில் சமைக்கவே கூடாது. கோடு விழவில்லை என்பதற்காக மட்டும் நல்லது என்று நம்பிவிடவும் முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய ஈயச்சொம்பை இணையத்தில் மலிவாகப் பார்த்தால், வாங்கிச் சமைக்காதீர்கள்.

பித்தளை, வெண்கலத்துக்கு வருவோம். சின்னச் சின்னப் பாத்திரங்களை எடைக்குப் போடுவதில் தவறில்லை. வீட்டிலேயே முதலில் எடை பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கிலோ விலையை இரண்டு பாத்திரக் கடைகளில் கேளுங்கள். வெண்கலத்தைப் பித்தளை விலைக்கு எடுக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பெரிய அண்டா, உருளி, குத்துவிளக்கு இவற்றை மட்டும் எடைக்குப் போடவே வேண்டாம். கல்யாண அலங்காரம் செய்பவர்களும் புதிதாக வீடு கட்டுபவர்களும் அவற்றை முழுப் பொருளாகத் தேடுகிறார்கள். பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயரும் கல்யாண வருஷமும் வெட்டியிருந்தால் அதையும் கிட்டத்தில் படமெடுத்து இணைய விளம்பரத்தில் போடுங்கள். வாங்குகிறவர்கள் அதை ரசித்து வாங்குகிறார்கள்.

அப்பாவின் பைண்டு புத்தகங்களைப் பேப்பர்காரரிடம் போடாதீர்கள், தயவுசெய்து. வாரப் பத்திரிகையில் வந்த தொடரை அந்தக் கால ஓவியங்களோடு கிழித்துச் சேர்த்துத் தைத்த தொகுப்புகளுக்கு ஆர்வலர்கள் இருக்கிறார்கள். புத்தகமாக அச்சான பிறகு பல தொடர்களில் அந்த ஓவியங்கள் இல்லாமல் போய்விட்டன. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் விடுபட்ட அத்தியாயம் மூன்றையும் சொல்லி விற்பனைக்குப் போடுங்கள்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் பகல் வெளிச்சத்தில் படம், அங்குலக் கணக்கில் அளவு, கீறல் இருக்கும் இடம், எத்தனையாவது மாடி, லிஃப்டில் நுழையுமா என்ற விவரம். இவ்வளவு எழுதினால் வெட்டியாக வரும் அழைப்புகள் பாதியாகக் குறையும். விலை போடும்போது அம்மா என்ன கொடுத்து வாங்கினார் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதே மாதிரிக் கட்டில் இன்று உங்கள் பகுதியில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, உங்களுக்குக் கட்டுப்படியாகும் கடைசி விலையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆள் வந்து பேரம் பேசும்போது மனசு இளகும். அப்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாக ஒருவர் பேசினார். பேரமே பேசவில்லை. முதலில் 10 ரூபாய் அனுப்பினார், வந்தது. பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் மீதி வரும் என்றார். செய்தேன், 9,000 ரூபாய் போய்விட்டது. நேற்று இரவு நடந்தது. என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: இதைப் படித்ததும் வேறு வேலை எதையும் பார்க்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கிருந்து எடுக்கப்படுவதற்கு முன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கில் தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். அப்புறம் உங்கள் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியுங்கள். அந்த ஆளோடு நடந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

வெட்கப்பட எதுவும் இல்லை. பேரம் பேசாமல், பொருளைப் பார்க்காமல், ராணுவச் சீருடைப் படத்தைக் காட்டி, முதலில் சிறு தொகை அனுப்பி நம்ப வைப்பது நாடு முழுக்க நடக்கும் ஏமாற்று. மற்ற வாசகர்கள் ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: யூபிஐ-யில் பணம் வாங்க 'பின்' என்ற ரகசிய நம்பரைப் போட வேண்டியதே இல்லை. பின் நம்பர் கேட்கிறது என்றாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது. எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும், என்ன காரணம் சொன்னாலும், இது மாறாது.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து வெண்கல அம்மன் சிலை ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கூரியரில் அனுப்பச் சொல்கிறார்.
- வாசகர், காரைக்குடி

பதில்: அனுப்பவே கூடாது. நூறு வருஷம் கடந்த சிலை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது, மீறினால் சிறை வரை போகும். சிலையைப் பதிவு செய்யவும் வேண்டும். விற்பதைப் பற்றி யோசிக்கும் முன் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டாலும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வார்கள்.

கேள்வி: ஈபே ஏலத்தில் பழைய கேமரா லென்ஸ் வாங்க ஆசை. நாலு நாள் நான்தான் முன்னால் இருப்பேன். கடைசி ஐந்து நொடியில் யாரோ வந்து தட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறார்களா?
- வாசகர், லண்டன்

பதில்: தில்லுமுல்லு இல்லை, அந்த ஏலத்தின் அமைப்பே அப்படி. நீங்கள் போடும் அதிகபட்சத் தொகையை ஈபே உடனே முழுதாகக் காட்டாது. அடுத்தவரை முந்த எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் உங்கள் சார்பில் ஏற்றிக்கொண்டு வரும். நீங்கள் 60 பவுண்டு என்று போட்டு, அடுத்தவரின் உச்சம் 41 என்றால், உங்களுக்கு 42-க்கு முடிந்துவிடும். ஆக, 60 போட்டதால் 60 கொடுக்க வேண்டியதில்லை. உச்சத்தைச் சொல்லப் பயந்து 20, 25, 30 என்று நாலு நாள் ஏற்றிக்கொண்டே போனால், உங்களோடு போட்டி போடுகிறவருக்கும் ஆசை ஏறும். ஏலம் கேட்டுக்கேட்டு விலையைக் கூட்டியவர்கள் நீங்கள் இருவரும்தான்.

ஏலத்துக்கு முன்பே, முடிந்துபோன விற்பனைகளை மட்டும் காட்டும் வசதியைப் போட்டு, அதே லென்ஸ் உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். விற்காமல் கிடக்கும் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் விலை விற்பவருடைய ஆசை. அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. விற்ற விலையிலிருந்து உங்கள் உச்சத்தை முடிவு செய்து, தபால் செலவைக் கழித்து, வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். ஏலம் முடியக் கடைசிச் சில நொடிகள் இருக்கும்போது அந்த எண்ணை ஒரே ஒரு முறை போடுங்கள். ஈபே ஏலம் குறித்த நொடியில் நின்றுவிடும், நீளாது. எதிராளிக்கு மறுபடி யோசிக்க நேரம் இருக்காது. அதையும் தாண்டி ஒருவர் எடுத்தால், உங்களைவிட அதிகம் கொடுக்கத் துணிந்தவர் அவர். லென்ஸ் இன்னொன்று வரும்.

லென்ஸ் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலந்தி நூல் மாதிரி உள்ளே கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. முன்பக்கப் படத்தில் அது தெரியவே தெரியாது. பூஞ்சையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் என்றால் பழுது என்று எழுதியிருப்பதையே தேடி எடுங்கள். 1995-இல் ஈபே தொடங்கியபோது முதலில் விற்ற பொருளே 14.83 டாலருக்குப் போன உடைந்த லேசர் பாயின்டர்தான். நேரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் பொருள்களும் மலிவாகப் போகும், அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தானே போட்டிக்கு வருவார்கள்.

இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு: இங்கே ஈபே 2018-இல் மூடப்பட்டுவிட்டது. வீட்டுப் பொருளுக்கு நமக்கு இருப்பது பெரும்பாலும் பேரம் பேசி வாங்கும் தளங்கள். இங்கே பலர் சந்திக்கும் இணைய ஏலம் அடுத்த கேள்வியில் இருப்பது.

கேள்வி: வங்கி ஏலத்தில் ஒரு ஃபிளாட் 32 லட்சம் ஆரம்ப விலைக்கு வருகிறது. வெளியே அதே இடத்தில் 45 லட்சம் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடுக்கலாம், ஆனால் 13 லட்சம் லாபம் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள். முதலில் பணம் எப்போது எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை பொதுவாக ஆரம்ப விலையில் 10 சதவீதம், அதாவது 3.2 லட்சம். நீங்கள் 34 லட்சத்துக்கு எடுத்தீர்கள் என்றால் அதில் கால் பங்கு, 8.5 லட்சம், அன்றைக்கோ அதிகபட்சம் அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். முன்வைப்பைக் கழித்தால் 5.3 லட்சம். மீதி 25.5 லட்சத்தை, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் கட்ட வேண்டும். எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். கட்ட முடியாவிட்டால் கட்டிய பணம் பறிபோகும். வீட்டுக் கடன் வாங்கித்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் ஏலத்துக்கு முன்பே வங்கியில் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சுவாதீனம், அதாவது வீடு யார் கையில் இருக்கிறது என்பது. அறிவிப்பில் சுவாதீனம் என்று போட்டிருந்தால், காகிதத்தில் மட்டும் எடுத்ததா, பூட்டுப் போட்டுச் சாவியே வங்கியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய உரிமையாளரோ வாடகைக்காரரோ உள்ளே குடியிருந்தால் அவர்களை வெளியேற்ற வருஷக்கணக்கில் ஆகலாம். நேரில் போய்க் கதவைப் பாருங்கள், பால் பாக்கெட் வருகிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்கு எடுங்கள். சொத்துவரி, மின்கட்டணம், குடியிருப்போர் சங்கப் பாக்கி எல்லாம் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில் என்றுதான் வங்கி விற்கும், பிறகு குறை சொல்ல முடியாது.

ஈபேயில் செய்வதுபோல் கடைசி நொடியில் கேட்கும் உத்தி இங்கே பலிக்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது ஏற்றினால் இந்த ஏலங்களில் பெரும்பாலும் இன்னும் ஐந்து நிமிடம் தானாக நீளும். அப்படி நீண்டுகொண்டே போகும்போதுதான் 34 என்று வந்தவர் 39-க்குப் போய் நிற்கிறார். பத்திரச் செலவு, பாக்கிகள், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் கழித்து எழுதி வைத்த எண் மேசை மேல் இருக்கட்டும். பக்கத்தில் வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ உட்கார்ந்து, அந்த எண் வந்ததும் நிறுத்தச் சொல்லட்டும்.

கேள்வி: பழைய போன் 12,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. திருட்டு போனா என்று எப்படித் தெரியும்?
- வாசகி, திருச்சி

பதில்: போனைக் கையில் வாங்கி ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்துங்கள். அந்தப் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். உங்கள் போனிலிருந்து கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கருப்புப் பட்டியலில் இருப்பதாகவோ, ஏற்கெனவே வேறு போனில் பயன்பாட்டில் இருப்பதாகவோ பதில் வந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். பில்லில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றா என்றும் பாருங்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் எதிரிலேயே நீக்கி, போனை முழுதாக அழித்து, அது புதுப் போன் மாதிரித் திறந்து உங்கள் சிம்மில் ஒரு அழைப்பு போன பிறகு பணம் கொடுங்கள்.