வாசகர் கேள்வி: சீனி கேட்பது கருப்பட்டியா, கலயமா?

கேள்வி: மாமனாருக்குப் பனைத் தொழில். சுண்ணாம்பு தடவிய மண் கலயம், விறகடுப்பு, சிரட்டை எதையும் மாற்ற விடமாட்டார். கொஞ்சம் சீனி போட்டால் கருப்பட்டி நன்றாக இறுகும், எடையும் கூடும் என்கிறார் வியாபாரி. அந்தப் பேச்சை எடுத்தாலே மாமா எழுந்து போய்விடுகிறார். எது சரி?
– வாசகி, சாயல்குடி

பதில்: சீனி விஷயத்தில் உங்கள் மாமா சொல்வதுதான் சரி. சீவிய பாளையிலிருந்து சொட்டு விழுந்ததுமே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். அதை அடக்குவது சுண்ணாம்பு. சுண்ணாம்பே இல்லையென்றால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. குறைவாகத் தடவினால் பதனீர் லேசாகப் புளித்து, அதிலுள்ள சுக்ரோஸ் என்ற சர்க்கரை உடைந்துபோகும். அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது, சிரட்டையில் பிசினாக நிற்கும். சீனியைத் தேடுவது பெரும்பாலும் அப்போதுதான். கோளாறு கலயத்தில் இருக்க, மருந்தைக் காய்ச்சும் கொப்பரையில் போட்டு என்ன பயன்?

சுண்ணாம்பு மிஞ்சினால் நிறம் கறுக்கும், நாக்கில் காரும். பதனீரைத் தெளியவிட்டு, அடிமண்டியை விட்டு, மேல்தெளிவைத் துணியில் வடிகட்டி, இறக்கிய காலையிலேயே அடுப்பேற்றுங்கள். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதை ஒன்றிரண்டைத் தட்டிப் போட்டால் போதும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதனீர் வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாக உருள வேண்டும். அதற்கு முன்னே இறக்கினால் கடற்கரை ஈரக்காற்றில் கசியும். தாமதித்தால் தீய்ந்த வாடை. அடைமழை மாதங்களில் ஓலைப்பெட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது ஈரக்காற்றுக்குப் பயந்துதான்.

மண் கலயத்தில் மட்டும் மாமா கொஞ்சம் இறங்கி வரலாம். அதன் நுண்துளைகளில் பழைய புளிப்பு தங்கும். தினமும் கழுவிக் காயவைக்காவிட்டால் சுண்ணாம்பு தடவியும் புளிக்கும். எவர்சில்வர் பாத்திரம் கழுவ எளிது, சுண்ணாம்பு அதற்கும் தேவை. விறகடுப்பு இருக்கட்டும், புகைபோக்கி கட்டாயம் வையுங்கள். ருசி குறையாது. அடுப்படியில் நாள் முழுக்கப் புகை தின்பது நீங்கள்தானே!

கேள்வி: தென்னை ஏறும் கருவி வாங்கித் தந்தும் அப்பா பனையில் அதைத் தொடுவதில்லை. பிடிவாதமா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: இல்லை. பனையின் அடி பெருத்து, மேலே போகப்போகச் சிறுக்கும். பிடியை நடுவழியில் இறுக்க வேண்டிவரும். கருவி கொண்டையின் கீழேயே விட்டுவிடும். பாளை இருப்பதோ கருக்கு மட்டைகளுக்கு நடுவே. கருவியை விடுங்கள், இடுப்புக் கயிற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். இழை தேய்ந்திருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.