சாத்திய கதவை 'திறந்திருக்கிறது' என்கிறதா சென்சார்?

கேள்வி: வாசல் கதவில் வைஃபை சென்சார் ஒட்டி எட்டு மாதம் ஆகிறது. இரவில் கதவைச் சாத்திப் பூட்டிய பிறகும் 'கதவு திறந்திருக்கிறது' என்று போனுக்குத் தகவல் வருகிறது. இதற்குள் மூன்று முறை பேட்டரி மாற்றிவிட்டேன். கதவு மரம், நிலை இரும்பு. வேறு சென்சார் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். 'நிலை இரும்பு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

கதவு சென்சாரில் இரண்டு துண்டுகள்: சின்னது வெறும் காந்தம், பெரிய துண்டுக்குள் பெரும்பாலும் ரீட் சுவிட்ச்தான் இருக்கும். சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அவ்வளவுதான். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். இரும்பின் மேல் ஒட்டும்போது காந்தப்புலத்தில் ஒரு பகுதியை அந்த இரும்பே இழுத்துக்கொள்கிறது. பெட்டியில் 15 அல்லது 20 மில்லிமீட்டர் இடைவெளி வரை வேலை செய்யும் என்று போட்டிருந்தாலும், இரும்பு நிலையில் அந்த தூரம் நன்றாகவே குறைந்துவிடும். உங்கள் சென்சார் அந்த விளிம்பில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். காற்றில் கதவு தாழ்ப்பாளுக்குள்ளேயே ஒரு நூல் ஆடினாலும் போதும், திறந்ததாக எண்ணிக்கொள்ளும். ஈரத்தில் மரம் உப்பினாலும் இதே கதைதான்.

சோதிப்பது எளிது. கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்து லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆப்பில் நிலை மாறினால் சந்தேகம் சரிதான். அடுத்து, காந்தத்தைக் கழற்றி, சென்சாரில் கோடு போட்டிருக்கும் பக்கத்தில் கையால் ஒட்டிப் பிடியுங்கள். அப்போது 'மூடியது' என்று நிலையாகக் காட்டினால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. இரும்பின் மேல் இருக்கும் துண்டுக்கு அடியில் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக்கோ மரமோ வைத்து ஒட்டுங்கள். கதவு சாத்தியிருக்கும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே பத்து மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், கோடுகள் நேருக்கு நேர் வரட்டும். ஒட்டுமிடம் கீலுக்கு எதிர்ப்பக்கம்தான். கீல் பக்கம் ஒட்டினால் கதவு பாதி திறந்தும் அது மூடியதாகவே காட்டக்கூடும்.

பேட்டரித் தொல்லையும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். வைஃபை சென்சார் ஒவ்வொரு முறையும் தூக்கத்திலிருந்து எழுந்து, ரவுட்டரோடு இணைந்து, தகவலை அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கப் போகிறது. அந்த இணைப்புக்குத்தான் செலவு அதிகம். பொய்த் தகவல் ஒவ்வொன்றும் பேட்டரியைத் தின்கிறது. வாசலில் சிக்னல் பலவீனமாக இருந்தால் திரும்பத் திரும்ப முயன்று இன்னும் தின்னும். இடைவெளியைச் சரிசெய்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.

அப்புறமும் பேட்டரி நிற்கவில்லை என்றால் ஜிக்பீ அல்லது திரெட் சென்சாருக்கு மாறலாம். இரண்டும் வைஃபையை விடக் குறைந்த மின்சாரத்தில் பேசும் கம்பியில்லா முறைகள். இவற்றுக்குத் தனியாக ஒரு ஹப், அதாவது சென்சார் தகவலை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் பெட்டி, வேண்டும். ஆனால் பேட்டரி சாதாரணமாக ஒரு வருடத்துக்கு மேல் வரும். ஜிக்பீயும் வைஃபையைப் போல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது, அதனால் ஹப்பை ரவுட்டரின் தலையில் வைக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் சென்சார் அடுத்தவருடைய தகவலைக் கடத்தாது. ஹப்புக்கும் வாசலுக்கும் நடுவில் மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக் ஒன்று இருந்தால் அது கடத்தும். இசட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையும் நல்லதுதான், ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறுபடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் உங்கள் ஹப்போடு பேசாமல் போகலாம். நாள் முழுக்கத் திறந்து மூடும் கதவுக்கு, பட்டன் செல்லை விட ஏஏஏ பேட்டரி போடும் மாடலையே நான் எடுப்பேன். கொஞ்சம் பருமனாக இருக்கும், இருக்கட்டும்.

ஆப் காட்டும் பேட்டரி சதவீதத்தை ரொம்ப நம்பாதீர்கள். சிஆர்2032 போன்ற லித்தியம் பட்டன் செல் ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் மளமளவென்று இறங்கும். நேற்று 60 காட்டியது இன்று செத்துக் கிடக்கும். அதற்குப் பதில் சார்ஜ் ஏற்றும் எல்ஐஆர்2032 போடலாமா என்றால், கூடாது: முழு சார்ஜில் அது 4.2 வோல்ட், சென்சாரைக் கெடுத்துவிடலாம். கழற்றிய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

திரும்ப ஒட்டும்போது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து ஆப்பைப் பாருங்கள். செத்துப்போன சென்சார் கடைசியாகச் சொன்ன 'மூடியது' என்பதையே சில ஆப்கள் காட்டிக்கொண்டிருக்கும்.

'சாத்திப் பூட்டிய பிறகும்' என்று எழுதியிருந்தீர்கள். பூட்டியது இந்த சென்சாருக்குத் தெரியாது. வெறுமனே சாத்தி வைத்தாலும் 'மூடியது' என்றுதான் சொல்லும். பூட்டின் நிலையும் தெரிய வேண்டுமென்றால் அதற்கு ஸ்மார்ட் பூட்டு தனியாக வேண்டும்.