அப்பா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்கு 71 வயது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் அப்பாவின் லேப்டாப் திடீரென்று அலறி, ‘வைரஸ் தாக்கிவிட்டது, அணைக்காதீர்கள், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று திரை முழுக்க வந்திருக்கிறது. அவரும் பேசியிருக்கிறார். வேறு இடத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் செயலியை ஏற்றச் சொல்லி, நெட் பேங்கிங்கைத் திறக்க வைத்து, ரூ.1,85,000 எடுத்துவிட்டார்கள். நடுவில் எனக்கு இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். ஆபீஸ் நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் நான் எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னார். லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டு, பணத்தையும் என் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: லேப்டாப் இருக்கட்டும். அந்த இரண்டு அழைப்புகளைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இந்த ஆட்கள் லைனைத் துண்டிக்க விடமாட்டார்கள், வீட்டில் யாரிடமும் பேசாதீர்கள் என்று மிரட்டுவார்கள். அதையும் மீறி மகனைத் தேடியிருக்கிறார். “பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்கப்பா” என்று நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த அலறல் வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. திருடன் ‘சார், சார்’ என்று கூடவே இருந்து பேசியிருக்கிறான். பெற்ற பிள்ளை போனை எடுக்கவில்லை. வயதான அப்பா ஒரே நாளில் இரண்டு முறை கூப்பிட்டால், எந்த மீட்டிங்காக இருந்தாலும் வெளியே வந்து எடுப்பதுதான் பிள்ளையின் கடமை.

நான்கு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? நீங்கள் என்ன சொல்வீர்கள் என்ற பயம்தான். இப்போது பணத்தையும் பிடுங்கிக்கொண்டால், அடுத்த முறை சொல்லவே மாட்டார். பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி போடுகிற காசு அவர் கணக்கிலேயே விழட்டும். அது அவர் உழைப்பு. வேண்டுமானால் பெரிய தொகையை அவர் பெயரிலேயே டெபாசிட்டில் போட்டு, செலவுக் கணக்கில் கொஞ்சம் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அதையும் அவரே முடிவு செய்யட்டும்.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்ததாக நீங்கள் எழுதவில்லை. உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். தாமதமானாலும் புகார் வேண்டும். வங்கிக்கு அப்பாவோடு நேரில் போய் எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். நாமே விவரம் கொடுத்து ஏமாந்திருந்தால், புகார் தரும்வரை போனது நம் தலையில். புகாருக்குப் பின் போனால் அது வங்கியின் பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி அது.

மேட்டுப்பாளையம் வழியாக ஏறினால் சில மணி நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள். இந்த வாரமே போங்கள். லேப்டாப்பின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு எனிடெஸ்க்கை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து அப்பாவையே மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். “இதுகூடத் தெரியலையா” என்ற பேச்சு வேண்டாம்.

இன்னொன்று. ஏமாந்தவர்களின் நம்பர் கைமாறும். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று போலீஸ், வக்கீல் பெயரில் பேசுவார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.