சண்டைக் காட்சியை எடுப்பவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சினிமா குறித்த உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கும் என் அலுவலக நண்பர்களுக்கும் இடையே இது குறித்து முடிவில்லாத விவாதம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பேட்மேனை நம்பத்தகுந்த நிஜ உலகத்துக்குள் கொண்டுவந்து இந்த வகைப் படங்களுக்குக் கௌரவம் தேடித் தந்தவர் கிறிஸ்டோபர் நோலன் என்பது என் தரப்பு. அவரோடு ஒப்பிட்டால் சாம் ரைமியின் ஸ்பைடர்மேன் படங்கள் அழுகையும் அசட்டு நகைச்சுவையுமாகவே எனக்குத் தோன்றுகின்றன. ஒரு நல்ல சூப்பர் ஹீரோ படத்தை எதை வைத்து மதிப்பிடுவது? வில்லன் வலுவாக இருந்தால் படம் தானாக அமைந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வது சரியா? கடைசியாக ஒன்று: பன்னிரண்டு வயதாகும் என் மகளுக்கு இந்த வகையில் முதலில் எதைக் காட்டலாம்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நோலன் மீது நீங்கள் வைத்திருக்கும் மதிப்பில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை மட்டுமே என்னால் ஏற்க முடியவில்லை. 2005-இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தின் உச்சத்தில், நகரத்தின் குடிநீர்க் குழாய்களில் ஓடும் நீரையெல்லாம் நொடியில் ஆவியாக்கும் நுண்ணலைக் கருவி ஒன்று ரயிலில் வருகிறது. குழாய்கள் வெடிக்கின்றன. ஆனால் பெரும்பகுதி நீராலான உடம்போடு அதன் அருகிலேயே நின்று சண்டையிடும் இருவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இதை நிஜ உலகம் என்று சொல்வது கடினம். நோலனிடம் இருக்கும் நிஜம் கதையைச் சேர்ந்தது அன்று, படப்பிடிப்பைச் சேர்ந்தது. 'தி டார்க் நைட்' (2008) படத்துக்காகச் சிகாகோ நகரத் தெருவில் ஒரு பெரிய லாரியை உண்மையாகவே தலைகுப்புறப் புரட்டினார். முக்கியமான காட்சிகளை ஐமாக்ஸ் கேமராவில் எடுத்தார். பொருள்களுக்கு எடை இருக்கிறது என்று நம் கண் உணர்கிறது. அந்த உணர்வை வைத்துக்கொண்டு கதையையும் நாம் நம்பிவிடுகிறோம். இது பெரிய திறமைதான். ஆயினும் நம்பகத்தன்மையை அளவுகோலாகக் கொண்டால், ஒருவன் வௌவால் வேடம் அணிந்து இரவில் கூரைகளில் நிற்கிறான் என்ற முதல் வரியிலேயே எல்லாப் படங்களும் தோற்றுவிடும்.

நான் பார்ப்பது வேறொன்றை. எந்த சூப்பர் ஹீரோ படத்திலும் இரண்டு வகைக் காட்சிகள் இருக்கின்றன: மனிதர்கள் பேசும் காட்சிகள், உடல்கள் மோதும் காட்சிகள். இவ்விரண்டையும் ஒரே மனம் யோசித்திருக்கிறதா என்பதே என் கேள்வி. பேச்சில் எழுந்த சிக்கல் சண்டைக்குள்ளும் தொடர்ந்து, சண்டை முடியும்போது வேறொரு வடிவம் எடுத்திருந்தால் அந்தப் படத்துக்கு ஓர் இயக்குநர் இருக்கிறார். கதை நின்று, கிராஃபிக்ஸ் ஓடி, மறுபடி கதை தொடங்கினால் அங்கே இயக்குநர் பாதிப் படத்துக்கு மட்டுமே பொறுப்பாளி.

நீங்கள் அசட்டுத்தனம் என்று தள்ளிவைக்கும் 'ஸ்பைடர்மேன் 2' (2004) படத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ரைமி, 1981-இல் வெளியான 'தி ஈவில் டெட்' என்ற சிக்கனமான திகில் படத்தால் அறியப்பட்டவர். காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று விரைந்து வருவதைக் காட்ட, ஒரு பலகையில் கேமராவைப் பொருத்தி, அதை ஆட்கள் பிடித்துக்கொண்டு ஓடி எடுத்த படம் அது. அந்தக் கை இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை. ஸ்பைடர்மேனில் மருத்துவமனைக் காட்சியைக் கவனியுங்கள். படத்தின் வில்லனாகப்போகும் விஞ்ஞானி டாக்டர் ஆக்டேவியஸ் குப்புறக் கிடத்தப்பட்டிருக்கிறார். முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்ட உலோகக் கைகளை அறுத்தெடுக்க மருத்துவர்கள் வேடிக்கையாகப் பேசியபடி தயாராகிறார்கள். ரம்பம் சுழலத் தொடங்கியதும் கைகள் விழித்துக்கொள்கின்றன. பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. அலறல், உலோக ஒலி, சுவரில் நிழல்கள், இழுத்துச் செல்லப்படும் ஒரு பெண்ணின் நகங்கள் தரையைக் கீறும் ஓசை. ரத்தம் கண்ணில் படுவதே இல்லை. உலோகக் கையின் பார்வையிலிருந்தே ஓர் அலறும் முகத்தை நோக்கி கேமரா பாய்கிறது. எல்லாம் முடிந்தபின் ஆக்டேவியஸ் எழுந்து, தன்னைச் சுற்றிக் கிடப்பதைப் பார்த்துக் கதறுகிறார். கைகளைக் கட்டுப்படுத்தியவர் இனிமேல் கைகளால் கட்டுப்படுத்தப்படுவார் என்ற செய்தி ஒரு வசனம்கூட இல்லாமல் நமக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இந்தக் காட்சியை வேறு எந்த இயக்குநரும் இப்படி எடுத்திருக்க மாட்டார்.

அதே படத்தின் ரயில் சண்டை இன்னும் முக்கியமானது. (கதைப்படி அது நியூயார்க், தண்டவாளமும் பெட்டியும் சிகாகோவின் மேம்பால ரயிலுக்குரியவை. எனக்குத் தெரிந்து யாரும் இதற்காகப் படத்தைக் குறை சொன்னதில்லை.) அதுவரை நாம் பார்த்தது என்ன? பீட்டர் பார்க்கர் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கத் தாமதித்து வேலையை இழக்கிறான். வாடகை பாக்கி வைக்கிறான். சூப்பர் ஹீரோ உடையை மற்றத் துணிகளோடு போட்டுத் துவைத்ததில் சாயம் இறங்கி எல்லாம் பாழாகிறது. நீங்கள் அசட்டு நகைச்சுவை என்று குறிப்பிடுபவை இவையாகத்தான் இருக்க வேண்டும். இவற்றின் கனம் ரயிலில் வந்து இறங்குகிறது. முகமூடி இல்லாமல், ஓடும் ரயிலின் முன்பக்கத்தில் நின்று, முதலில் காலை ஊன்றி நிறுத்தப் பார்த்துத் தோற்று, பிறகு இருபுறக் கட்டடங்களிலும் வலையை வீசி இழுத்துப் பிடிக்கிறான். உடை கிழிகிறது. ரயில் நின்றதும் அவன் மயங்கிச் சரிய, உள்ளிருந்து நீளும் கைகள் அவனைத் தாங்கி, தலைக்கு மேலாகக் கைமாற்றிக் கொண்டுபோய்த் தரையில் கிடத்துகின்றன. இவன் வெறும் பையன், என் மகனைவிட வயதில் பெரியவன் இல்லை என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தருகிறார்கள். வாடகை கொடுக்க முடியாத அந்தப் பையனைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். நாமும் அவனையே பார்க்கிறோம். சாயம் போன துணி இல்லையென்றால் இந்தக் காட்சிக்கு இத்தனை வலு கிடைத்திருக்காது.

நோலனின் பாணி இதற்கு நேர் எதிரானது, ஆனால் என் அளவுகோலில் அவரும் தேறுகிறார். 'தி டார்க் நைட்' படத்தின் விசாரணை அறைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மங்கலான அறையில் வில்லன் ஜோக்கரும் காவல் அதிகாரி கார்டனும் பேசுகிறார்கள். கார்டன் வெளியேறியதும் விளக்குகள் எரிகின்றன. ஜோக்கரின் பின்னால் பேட்மேன் நிற்கிறான். வழக்கமாக இருளில் மட்டும் நாம் பார்க்கும் உருவத்தை நோலன் இங்கே கண் கூசும் வெள்ளை வெளிச்சத்தில் நிறுத்துகிறார். அந்த வெளிச்சத்தில் அவன் வேடம் அணிந்த ஒரு மனிதன், அவ்வளவுதான். அடி விழ விழ ஜோக்கர் சிரிக்கிறான். பேட்மேனின் பலம் முழுவதும் பயன்படுத்தப்படுகிறது. அது எதற்கும் உதவுவதில்லை. இது சண்டையா விவாதமா என்று பிரிக்கவே முடியாது. நோலன் அடிப்படையில் வாதங்களை எடுக்கும் இயக்குநர். ஒரு வாதம் கிடைக்கும்போது அவருடைய சண்டையும் உயரத்துக்குப் போகிறது. வாதம் இல்லாத இடங்களில், குறிப்பாக முதல் படத்தின் கைகலப்புகளில், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்குப் படத்தொகுப்பு நெருக்கமாக இருக்கிறது. ரைமிக்கு உடல் தெரியும், நோலனுக்குத் தர்க்கம் தெரியும் என்பேன்.

இவர்களுக்கு முன்பே டிம் பர்ட்டன் இருக்கிறார். உங்கள் கடிதம் அவரைத் தாண்டிச் சென்றுவிட்டது. 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்தில் மைக்கேல் கீட்டன் அணிந்த ரப்பர் கவசத்தில் கழுத்தைத் திருப்ப முடியாது; திரும்ப வேண்டுமென்றால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். பர்ட்டன் அந்தக் குறையையே பாணியாக்கினார். அவருடைய பேட்மேன் ஆண்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்த காத்தம் நகரக் கட்டடங்களில் ஒன்றைப்போல அசையாமல் நிற்கிறான். அந்தக் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயமே. நோலனோ தன் இரண்டாம் படத்தில், தலையைத் திருப்பும் வசதியுள்ள புது உடை வேண்டும் என்று புரூஸ் வெய்ன் (முகமூடி இல்லாத பேட்மேன்) கேட்பதையே ஒரு சிறு உரையாடலாக வைத்தார். ஒருவருக்கு இவன் சிலை, மற்றவருக்கு வேலைக்குப் போகும் மனிதன். பர்ட்டனுக்குச் சண்டையில் பெரிய ஆர்வம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' (1992) படத்தின் மாறுவேட விருந்தில் எல்லோரும் முகமூடியோடு வந்திருக்க, புரூஸும், கேட்வுமனாக உலவும் செலினாவும் மட்டும் வெறும் முகத்தோடு வந்து ஆடுகிறார்கள். நடனத்தின் நடுவே, கூரைகளில் தாங்கள் மோதிக்கொண்டது ஒருவரோடு ஒருவர்தான் என்று இருவருக்கும் புரிகிறது. அந்த இடத்தில் அதுவரை நடந்த சண்டைகள் எல்லாம் பின்னோக்கிப் பொருள் பெறுகின்றன.

ஸாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013) இந்த அளவுகோலில் தோற்கும் படம். அதன் தனித்தனிப் படிமங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. சூறாவளிக்கு நடுவே நிற்கும் தந்தை, தன்னைக் காப்பாற்ற வர வேண்டாம் என்று கையை உயர்த்தி மகனைத் தடுக்கும் இடம் மறக்க முடியாதது. ஒரே ஓர் உயிரின் இழப்பு அங்கே அத்தனை கனக்கிறது. பிறகு மெட்ரோபோலிஸில் கோபுரங்கள் வரிசையாகச் சரிகின்றன. உள்ளே இருந்தவர்களைப் பற்றிக் கேமராவுக்குக் கவலையில்லை. கடைசியில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வில்லன் ஸாடின் கழுத்தை முறிக்கும்போது சூப்பர்மேன் கதறுகிறான். அத்தனை கோபுரங்களுக்குப் பிறகு அந்தக் கதறலை எந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொள்வது என்று நமக்குத் தெரியவில்லை. இருவேறு படங்களை ஒட்டியது போலிருக்கிறது.

ஸ்னைடராவது தன் பிழைகளைத் தானே செய்தார். மார்வெல் தயாரிப்புகளில் சிக்கல் வேறு வகையானது. அங்கே பெரிய சண்டைக் காட்சிகள், படப்பிடிப்புக்கு வெகு முன்பே, ப்ரீவிஸ் எனப்படும் கணினி மாதிரி வடிவில் ஷாட் ஷாட்டாகத் திட்டமிடப்படுகின்றன. திட்டமிடுவதில் தவறில்லை, யார் திட்டமிடுகிறார்கள் என்பதே பொருட்டு. 'பிளாக் விடோ' படத்துக்காகத் தன்னிடம் பேசியபோது, சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மார்வெல் தரப்பினர் சொன்னதாக அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்ட்டெல் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அவர் அந்தப் படத்தை எடுக்கவில்லை. சலுகைபோல ஒலிக்கும் அந்தச் சொற்களை நான் பலமுறை யோசித்ததுண்டு. ஒரு நாவலாசிரியரிடம், நீங்கள் குடும்ப அத்தியாயங்களை எழுதுங்கள், கொலை நடக்கும் அத்தியாயத்தை எங்கள் ஆட்கள் எழுதிவிடுவார்கள் என்று பதிப்பாளர் சொன்னால் அவர் என்ன செய்வார்?

ரயன் கூக்ளரின் 'பிளாக் பேந்தர்' (2018) ஒரே படத்துக்குள் இரண்டு நிலைகளையும் காட்டுகிறது. பூசான் நகரச் சூதாட்ட விடுதியில் நடக்கும் சண்டை, வெட்டே இல்லாததுபோல மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் அலைகிறது. அதற்குச் சற்று முன்பு, தான் அணிய நேர்ந்த பொய்முடியைப் பற்றி எரிச்சலோடு முணுமுணுக்கும் வீராங்கனை ஒகோயே, சண்டை தொடங்கியதும் அதைக் கழற்றி எதிரியின் முகத்தில் எறிகிறாள். பாத்திரத்தின் குணமே அங்கே ஆயுதமாகிறது. அதே படத்தின் கடைசிச் சண்டை, நிலத்தடி ரயில் பாதையில், எடையற்ற இரண்டு கணினி உருவங்களுக்கிடையே நடக்கிறது.

வில்லனைப் பற்றிய உங்கள் நண்பர்களின் கருத்து பாதி சரி. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு மறைவுக்குப் பின் ஆஸ்கர் கிடைத்ததிலிருந்து, வில்லனைச் செதுக்கினால் போதும் என்ற நம்பிக்கை வலுத்துவிட்டது. வில்லனின் வலு அவன் செய்யும் அழிவில் இல்லை. நாயகனுக்கு வாய்த்ததே அவனுக்கும் வாய்த்து, அவன் வேறு வழியில் போனான் என்பதில் இருக்கிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டிய படம் நம் பக்கத்து வீட்டில் வந்தது: பேசில் ஜோசப்பின் மலையாளப் படமான 'மின்னல் முரளி' (2021). ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் அமெரிக்கா போகத் துடிக்கும் தையற்காரன். மற்றவன் ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கிவைத்த ஷிபு. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் கூத்துப்பட்டறையில் பயின்று வந்த நம் குரு சோமசுந்தரம். ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த பெண் தன்னை ஏற்றுக்கொண்டாள் என்று அறியும்போது, அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவர் முகத்தில் வருகின்றன. கேமரா விலகாமல் அங்கேயே நிற்கிறது. அதன் பிறகு அந்த மனிதன் செய்யும் எந்தக் கொடுமையையும் வெறும் வில்லத்தனமாக நம்மால் பார்க்க முடிவதில்லை. ஹாலிவுட் படம் ஒன்றின் கிராஃபிக்ஸ் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகியிருக்காது.

மகளுக்கு முதலில் ரிச்சர்ட் டோனரின் 'சூப்பர்மேன்' (1978) படத்தைக் காட்டுங்கள். கிரிப்டான் கிரகப் பகுதி மெதுவாக நகரும். அவள் நெளிந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறுதியில் காலத்தையே பின்னோக்கித் திருப்புவது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லாத முடிவு; அதைப் பற்றி அவளே உங்களிடம் கேட்பாள். ஆனால் சூப்பர்மேன் விரும்பும் லோயிஸின் வீட்டில் அவள் உள்ளறைக்குப் போயிருக்கும் சில நொடிகளில், சூப்பர்மேனாக நடிக்கும் கிறிஸ்டோபர் ரீவ், சாதாரண மனிதனாக மறைந்திருக்க அணியும் கண்ணாடியைக் கழற்றி, கூன் நிமிர்ந்து, குரல் ஆழமாகி, உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்து, பின் மனம் மாறி மீண்டும் கண்ணாடியை மாட்டிக் கூனிக் குறுகும் காட்சி வரும். ஒப்பனையும் தந்திரக் காட்சியும் இல்லாமல், ஒரே அறைக்குள், தோளையும் குரலையும் கொண்டே ஒருவர் இருவராகிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள். 'ஸ்பைடர்மேன் 2' அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். மருத்துவமனைக் காட்சி வரும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன்.