செற் பாடுது, பாட்டில உயிரில்லை: கேள்வி பதில்

கொக்குவிலில் முப்பது வருசத்துக்கு மேலாக றேடியோவும் அம்பிளிஃபயரும் திருத்துகிறேன். "பாட்டு செத்துக் கிடக்குது" என்று ஆட்கள் தூக்கிக்கொண்டு வருகிற செற்றுகளைத் திறந்து பார்த்தால், அனேகமாக உள்ளே ஒரு பிழையும் இருக்காது. இந்தக் கிழமை வந்த கேள்விகள் இவை.

அண்ணை, திருநெல்வேலியில புது வீடு கட்டிப் போயிட்டம். பழைய வீட்டில அருமையாக் கேட்ட அதே செற், புது ஹோலில சத்தம்தான் போடுது, மனசில ஒட்டேல்லை. புது அம்ப் வாங்கட்டோ?

வாங்காதேங்கோ தம்பி. செற் மாறவில்லை, வீடுதானே மாறியது. பழைய வீட்டில் ஓட்டுக் கூரை, மரச் சிலாகை, மூலையில் உடுப்புக் கொடி, சுவரோடு அலுமாரி என்று இருந்திருக்கும். இப்போது நிலத்துக்கு ரைல்ஸ், மேலே கொங்கிறீற் பிளேற், ஜன்னலுக்குக் கண்ணாடி. ஹோலின் நடுவில் நின்று ஒருதரம் பலமாகக் கை தட்டிப் பாருங்கோ. தட்டின பிறகும் "டிர்ர்ர்" என்று ஒரு வால் இழுபடும். தவில்காரர் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத் தோலில்) விரற்கூட்டால் (விரலில் போடுகிற கூட்டால்) அடிக்கிற ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்த வால் இழுபட்டால், அடுத்த சொல் அதுக்குள் புதைந்துபோகும். நீங்கள் உயிர் இல்லை என்று சொல்வது அதைத்தான்.

ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் மொத்தமான கார்ப்பெற் ஒன்றைப் போடுங்கோ. மெல்லிய பாய் போதாது. ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகப் பாரமான திரைச்சீலை. நீங்கள் இருக்கிற கதிரைக்குப் பின்சுவரில் புத்தக அலுமாரி. முட்டை மட்டையை ஒட்டி மினக்கெட வேண்டாம், அது பெரிதாக ஒன்றையும் உறிஞ்சாது.

பிறகு ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் இருந்து வெளியே எடுங்கோ. ருவீற்றர், அதாவது மேல் ஒலி தருகிற சின்ன ஸ்பீக்கர், உங்கள் காது உயரத்துக்கு வரவேணும். பின்சுவரில் இருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கோ. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் ஆறடி என்றால் நீங்களும் ஒவ்வொன்றில் இருந்தும் ஆறடியில் இருங்கோ. மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குமுகுமு என்று வீங்கி, பாடுகிறவரின் குரலை மூடிவிடும். அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கோ. ஒரு பின்னேரம் இதுக்கென்று ஒதுக்கினால் காணும்.

அண்ணா, நான் மானிப்பாய். பொங்கலுக்கு வீடு துப்பரவாக்கேக்க வயரெல்லாம் கழட்டிப் பூட்டினாப் பிறகு பேஸைக் காணேல்லை. குரலும் நடுவில நிக்காமல் எங்கையோ அலையுது.

ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறிப் பூட்டுப்பட்டிருக்குது தங்கச்சி. ஒரு கூம்பு முன்னுக்குத் தள்ளுகிற நேரத்தில் மற்றது பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து பேஸை அழித்துவிடும். அம்பை நிப்பாட்டிவிட்டு ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டிக் கேளுங்கோ. பேஸ் வந்தால் அதுதான் சரி.

கண்ணால் பார்க்க விருப்பமென்றால், ஸ்பீக்கர் வயரை அம்பில் இருந்து முழுதாகக் கழற்றி, 1.5 வோல்ற் பென்ரோச் பற்றரியில் ஒரு கணம் தொட்டு எடுங்கோ. பற்றரியின் பிளஸ் ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போனால் வூஃபரின் (பேஸ் தருகிற பெரிய ஸ்பீக்கரின்) கூம்பு "டப்" என்று வெளியே வரவேணும். உள்ளே போனால் வயர் எங்கோ மாறியிருக்குது.

ஐயா, பருத்தித்துறையில கடலுக்குக் கிட்ட வீடு. இருபது வருசத்து ஸ்பீக்கர், வொலியூம் கூட்டினால் பறபற எண்டு அடிக்குது.

முன் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றி இருக்கிற ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கோ. பிசுபிசுத்த கறுப்புத் தூளாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது உக்கிப்போச்சு. எங்கள் வெக்கையும் ஈரக் காற்றும் அதைத் தின்னும். ஸ்பீக்கரை எறிய வேண்டாம். வளையத்தை மட்டும் மாற்றலாம், ஆனால் கூம்பை அசைக்கிற கம்பிச்சுருளான கொயில் நடுவில் நிற்கிற மாதிரி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கோ. உப்புக்காற்றில் பச்சை பிடித்த வயர் நுனிகளையும் வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவிப் பூட்டுங்கோ.

50 வாற்ஸ் அம்புக்கு 100 வாற்ஸ் போட்டால்?

கூடுவது 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) மட்டும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு வாற்ஸ் வேணும். அந்தக் காசைத் திரைச்சீலைக்குப் போடுங்கோ.

பிள்ளையள் படிக்கிறதால மெல்லமாத்தான் வைக்கிறம். அதுவும் போனில இருந்து புளூரூத்தில. சப்பெண்டு இருக்குது.

சத்தம் குறையக் குறைய எங்கள் காது பேஸைத்தான் கூடுதலாக இழக்கும். 1933 இலேயே பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை அளந்து காட்டினார்கள். செற்றில் உள்ள லவுட்னஸ் பொத்தான் இதுக்காகத்தான் இருக்குது. மெல்லமாக் கேட்கும்போது அழுத்துங்கோ, கூட்டிக் கேட்கும்போது எடுத்துவிடுங்கோ. ஒருக்கால் வயரால் இணைத்தும் பாருங்கோ.

அப்பா வைச்சிருந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின்ர தவில் கசெற் ஒண்டு கிடக்குது. போட்டால் போர்வைக்குள்ள இருந்து அடிக்கிற மாதிரிக் கேக்குது.

அவர் 1975 இல் காலமானவர். கைக்குக் கை பிரதி எடுத்து வந்த கசெற்றில் மேல் ஒலி ஓரளவு போயிருக்கும், அதை எந்தச் செற்றாலும் திருப்பித் தர ஏலாது. ஆனால் போர்வை மாதிரி என்றால் பிளேயரின் ஹெட்டையும் (ரேப்பில் உரசி ஒலியை எடுக்கிற பகுதியையும்) பாருங்கோ. பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு, ஹெட்டில் படிந்த மண்ணிற அழுக்கைத் துடையுங்கோ. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிறிங் போட்ட சின்ன ஸ்குறூ ஒன்று இருக்கும். பாடவிட்டபடி அதை நூலளவு திருப்பினால் ஒரு இடத்தில் விரற்கூட்டின் அடி பளிச்சென்று திறக்கும். அங்கேயே விடுங்கோ.

தொண்ணூறுகளில் கறண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுத்திச் சுத்தித்தான் நாங்கள் கசெற் கேட்டனாங்கள். ஒருவர் களைத்தால் மற்றவர் சுத்துவார், சுத்துகிற கை தளர்ந்தால் பாட்டும் தளரும். அந்த நாளில் தப்பின கசெற்றுகள் இவை. சரியாக ஓடுகிற முதல் தரத்திலேயே கொம்பியூற்றரில் பதிந்து வையுங்கோ. ஸ்குறூவைத் தொடப் பயமென்றால் பிளேயரைக் கொண்டுவாங்கோ, நான் பார்த்துத் தருகிறேன்.