குயவன் ஒருவன்தானா?

அன்புள்ள ஐயா,

கல்லூரி முடித்த என் மகன், கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஒரு தர்க்கம் சொல்லுங்கள் பார்ப்போம் என்கிறான். பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும், உலகம் இருந்தால் படைத்தவன் இருந்தாக வேண்டும் என்றேன். சிரிக்கிறான். இதில் அப்படி என்ன ஓட்டை?

வி., கும்பகோணம்

அன்புள்ள வி.,

உங்களுடையது பழைய பானை. நியாய தரிசனக்காரர்கள், அதாவது தர்க்கத்தையே தொழிலாகக் கொண்ட பழைய தத்துவப் பள்ளியினர், தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது. அவர்களில் பெரிய ஆள் உதயனாச்சாரியார், மிதிலைக்காரர். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடவுளை நிறுவுவதற்கென்றே 'நியாயகுசுமாஞ்சலி' எழுதினார். அவர் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்ததாம். "செல்வச் செருக்கில் என்னை மதிக்க மாட்டேன் என்கிறாய். பௌத்தர்கள் வரட்டும், நீ இருப்பதே அப்போது என் கையில்தான்" என்று ஜகந்நாதரையே அதட்டினாராம். கதைதான். ஆனாலும் வாதத்தின் மேல் என்ன ஒரு தெம்பு!

அந்தப் பானையைப் பௌத்தரும் சமணரும் உடைத்தார்கள், அதில் ஆச்சரியமில்லை. ராமானுஜரும் உடைத்தார். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரைதான் ஸ்ரீபாஷ்யம். அதில் மூன்றாவது சூத்திரத்துக்கான உரையில் கேட்கிறார்: மலையும் கடலும் உண்டாக்கப்பட்டவை என்றே இருக்கட்டும். எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே ஆளால் உண்டானவை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (ராமானுஜர் காலத்தில் அது இல்லை, பாவம்.) கருங்கல் அடித்தளத்தோடு நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பிறகு 236 அடிக்கு உயர்ந்து, 1987இல் குடமுழுக்கு. கல் அடுக்கியவர்கள் யாரோ, கலசம் வைத்தவர்கள் யாரோ. இன்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஒரே கோபுரம்.

ஒருவன் போதும் என்கிறபோது பலர் எதற்கு, அதுதான் லாகவம் என்பார்கள் நியாயக்காரர்கள். அது சிக்கனம், சாட்சி ஆகாது.

அடுத்த அடி இன்னும் பலமானது. குயவனுக்கு உடம்பு உண்டு. சக்கரத்தின் முன் குனிந்து உட்கார்ந்து முதுகு வலிக்க வனைகிறான். மண்ணை அவன் படைக்கவில்லை, வண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறான். பானையைப் பார்த்து ஊகித்தால் அப்படிப்பட்ட ஒருவனைத்தான் ஊகிக்க முடியும். உங்களுக்கு வேண்டியது அவன் இல்லையே?

சரி, அப்புறம் ராமானுஜர் எதை வைத்து நம்பினார்? சாஸ்திரத்தை வைத்து. அனுமானம் அங்கே எட்டாது, வேதம் ஒன்றே பிரமாணம், அதாவது ஆதாரம், என்பது அவர் கட்சி. உங்கள் மகன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். அது வேறு சண்டை.

ஸ்ரீபாஷ்யத்தில் அந்தப் பகுதி சில பக்கங்கள்தான். தமிழ் உரையோடு எடுத்து வைத்து அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் கட்சியில் இருப்பது யார் என்று தெரிந்ததும் அவன் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.